தண்ணியில் நின்ற தடம்

போட்டோவுல பாத்ததைவிட நேருல இந்தக் கயாக் படகோட மஞ்ச கொஞ்சம் வெளுத்திருக்கும், அதை மொதல்லயே சொல்லிப்போடறேன். அடியில மூணு எடத்துல ரெசின் பூசின ஒட்டு இருக்குது, நானே பூசினது, மோட்டார் காயில் கட்டற கை, ஒட்டு விட்டுப் போகாது. பின்னாடி தண்ணி வடியற ஓட்டைக்கு மூடி கெடையாது, ரப்பர் கார்க் அடிச்சு வச்சிருக்கறேன். துடுப்பு ஒண்ணு, லைஃப் ஜாக்கெட் ஒண்ணு, ரெண்டும் இதோட சேர்த்தி. ஓட்டறதுக்கு ஒரு கொறையும் இல்லீங்க, நேராப் போகும், சொன்ன பக்கம் திரும்பும். ஆனா நீங்க வண்டியவிட்டு எறங்கினதும் எறங்காததுமா ஒரு கேள்வி கேட்டீங்க பாருங்க, இத்தனை நல்லா இருக்கறதை ஏன் விக்கறீங்கன்னு, அதுக்குப் பதில் சொல்லாம இதை நான் விக்கக் கூடாது, அப்படி எனக்கு நானே ஒரு பேச்சு வெச்சிருக்கறேன். அதனால இந்த வேலமரத்து நெழல்ல சித்த உக்காருங்க. குளத்தைப் பாத்தாப்பல உக்காருங்க. அந்தக் கோடு தெரியுதுங்களா?

நம்ம கொளத்துப்புதூர்ப் பெரிய குளத்துல அந்தக் கோடு விழுந்து நாலு மாசமாச்சு. இந்தக் கரையில பொறப்பட்டு, வடக்க ஆகாயத்தாமரை மண்டிக் கெடக்குதே, அந்த முக்கு வரைக்கும் நேராப் போயி, அங்க கொக்கி மாதிரி வளைஞ்சு, மறுபடி கரைக்கே வந்து சேருது. ஒரு சாண் அகலம், ரெண்டு பக்கமும் துடுப்பு குத்தின குழி குழியா, இஸ்திரி போட்ட வேட்டியில மடிப்பு நிக்கற மாதிரி நிக்குது. மழை பெஞ்சுது, அழியல. காத்தடிச்சுது, அழியல. தண்ணி ரெண்டடி வத்துச்சு, கோடும் கூடவே ரெண்டடி எறங்குச்சு. வாத்து குறுக்க நீஞ்சிப் போகும், போன பொறவு பாத்தா கோடு கோடாவே இருக்கும். மத்த கோடெல்லாம், அந்தா அங்கங்க கிறுக்கி வச்சாப்பல இருக்குதே, அதெல்லாம் பின்னால வந்தது, அதையும் சொல்றேன். எல்லாமே நான் போட்டதுதானுங்க.

என்ற பேரு சென்னியப்பன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால மோட்டார் ரீவைண்டிங் கடை, முப்பது வருசமா. பக்கத்துல மாவு மில் வச்சிருக்கற அர்த்தநாரி என்ற சேக்காளி. அவனுக்குச் சக்கரை ஏறிப்போச்சுன்னு டாக்டர் நடக்கச் சொன்னார், இவனுக்கு நடக்கறதுன்னா வேப்பங்காய், ஒரு நாள் போனைத் தூக்கிட்டு ஓடி வந்து, “மாப்ளே, மலையடிவாரத்துல ஒரு ரிசார்ட்ட மூடிட்டாங்களாம், அங்க இருக்கற கயாக்கையெல்லாம் வந்த வெலைக்குத் தள்றாங்களாம், நம்ம குளம் கடல் மாதிரி நெறஞ்சு கெடக்குது, வா போலாம்”ன்னான். போனோம். ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால ஏழு கயாக், ஒண்ணு மேல ஒண்ணா, உள்ள பல்லி முட்டையும் காஞ்ச எலையுமாக் கெடந்துச்சு. நான் ஒவ்வொண்ணையும் மோட்டார் பாடியத் தட்டிப் பாக்கற மாதிரி தட்டிப் பாத்தேன், கவுத்து வெச்சுப் பாத்தேன், ஹோஸ்ல தண்ணியப் புடிச்சு உள்ள ரொப்பி எங்கெங்க கசியுதுன்னு சாக்பீஸ்ல சுழிச்சு வெச்சேன், அர்த்தநாரி நீலம் புடிக்குதுன்னு நீலத்து மேல போயி உக்காந்துக்கிட்டான். காவக்காரர் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார்: “ஒத்த ஆளு படகுங்க. தண்ணிக்குள்ள இருந்து ரெண்டாவது ஆளு எவனாச்சும் தொத்துனா கவுந்துரும்.” அதை நான் மறக்கவே இல்லீங்க. மறந்திருக்கோணும்.

மஞ்ச ஒண்ணு, நீலம் ஒண்ணு வாங்கிக் குட்டியானை வண்டியில ஏத்தி, ரெண்டு பக்கமும் கயாக் நீட்டிக்கிட்டு ஊருக்குள்ள வந்தப்ப, டீக்கடையில, “என்னுங்க, வாழக்காய அறுவடை பண்ணி எடுத்துட்டு வர்றீங்களா”ன்னு கேட்டாங்க. என்ற சம்சாரம் கருணாம்பிகை வாசல்ல நின்னு மேலயும் கீழயும் பாத்துட்டு, “ஊட்டுல உக்கார ஒரு நல்ல சேர் இல்ல, மாமாவுக்குத் தண்ணியில உக்காரச் சேர் வந்திருக்குது”ன்னுட்டு உள்ள போயிட்டா.

இங்க ஒண்ணு சொல்லோணும், சொல்லவே நாக்கு கூசுது. எனக்கு நீச்சல் தெரியாதுங்க. இந்தப் பக்கத்துல ஆம்பளைன்னு பொறந்தவன் எவனுக்கும் நீச்சல் தெரியாம இருக்காது, ஏழு வயசுல இடுப்புல காஞ்ச சொரக்குடுக்கையக் கட்டிக் கெணத்துல தள்ளி உட்டுருவாங்க, நாலு நாள்ல குடுக்கைய அவுத்துப்போட்டு மேல இருந்து குதிப்பாங்க. என்னையத் தள்ளினப்பக் குடுக்கை நழுவிருச்சு. அடிமண்ணு வரைக்கும் போயிட்டு வந்தேன். அதுக்கப்பறம் காது வலி, சளின்னு சாக்குச் சொல்லிச் சொல்லியே வளந்துட்டேன், வளந்த பொறவு, “கெணறு கெணறா நீஞ்சினவன் நானு”ன்னு சொல்ல ஆரம்பிச்சேன், பொண்ணு பாக்கப் போன எடத்துலயும் அதையே சொன்னேன். அம்பத்திரண்டு வயசுல லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிக்கிட்டு நான் குளத்துல எறங்கினப்ப, கரையில சிரிச்சவங்ககிட்ட, “ரூல்ஸுன்னா ரூல்ஸுங்க”ன்னு மொறப்பாச் சொன்னேன்.

சித்திரை, வைகாசி ரெண்டு மாசமும் ஓட்டினோம். அதைப் பத்தி மட்டும் கொறை சொல்ல மாட்டேன். மொத வாரம் சுத்திச் சுத்தியே வந்தோம், தோளு ரெண்டும் தனியாக் கழண்டு போற மாதிரி வலி, அப்பறம் எப்படியோ கை படிஞ்சுருச்சு. பொழுதோட நாலு மணிக்குக் கடையச் சாத்திட்டு எறங்கினா, தாழ்வா, தண்ணிக்குச் சமமா உக்காந்து போறப்ப, முக்குளிப்பான் பக்கத்துலயே முங்கி எந்திரிக்கும், ஊர்ல இருக்கற பஸ் ஆரனும் கோயில் ரேடியோவும் எங்கயோ யாருக்கோ நடக்கற மாதிரி இருக்கும். அப்பெல்லாம் போன தடம் போன கையோட மூடிக்கும், எல்லாத் தண்ணியும் பண்ற மாதிரி.

ராக்கியப்பன் எங்களுக்குப் பழக்கமானது அப்பத்தான். மீனவர் சங்கத்துல வலை போடற முறை இருக்கறவன், நாப்பது வயசுக்குள்ளதான், பரிசல்ல நின்னுக்கிட்டே ஒத்தத் துடுப்புல அவன் போறதைப் பாத்தா நாங்க ரெண்டு பேரும் ஓட்டறதை நிறுத்திட்டுப் பாப்போம். அவன்தான் ஒரு நாள் பக்கத்துல வந்து, “அண்ணா, நீங்களும் தண்ணிக்கு வந்துட்டீங்க, இதைத் தெரிஞ்சு வச்சுக்கோங்க”ன்னு குளத்து வழக்கத்தைச் சொன்னான். தண்ணிக்கு நடுவுல எவனாச்சும் துடுப்பை நெட்டுக்குத்தலாத் தூக்கிப் புடிச்சா ‘வா’ன்னு அர்த்தம். அதைப் பாக்கறவன் தன்ற துடுப்பையும் தூக்கிக் காட்டோணும், ‘வர்றேன்’னு அர்த்தம். சத்தம் காத்தோட போயிரும், துடுப்பு கண்ணுக்குத் தெரியும். பதில் துடுப்பு வந்துட்டா, கூப்புட்டவன் துடுப்பைக் கீழ போட்டுட்டுக் கம்முனு இருந்துக்கோணும், வேற ஆரையும் கூப்புடக் கூடாது, ஒருத்தன் வர்றேன்னு சொன்ன பொறவு இன்னொருத்தனைக் கூப்புட்டா சொன்னவனை நம்பலீன்னு ஆயிருது பாருங்க. பன்னண்டு வருசம் பேசாம இருந்த பங்காளிங்க ரெண்டு பேருல ஒருத்தன் துடுப்புத் தூக்க, இன்னொருத்தன் போயி இழுத்தாந்து கரை சேத்துட்டு, அப்பவும் பேசாம அவனவன் ஊட்டுக்குப் போனாங்களாம். அர்த்தநாரியும் நானும் அன்னையில இருந்து சும்மாச் சும்மா துடுப்பைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்குவோம், எங்களையும் குளத்து ஆளா ஆக்கிட்டாங்கன்னு அத்தனை மெதப்பு.

ஆனி பொறந்து நாலாம் நாள். அர்த்தநாரி ஒரம்பரை ஊட்டு விசேசத்துக்குப் போயிட்டான், நான் மட்டும் எறங்கினேன். நடுக்குளத்துல இருந்து பாத்தா வடக்கு முக்குல ஒரு துடுப்பு நெட்டுக்கு நிக்குது. நான் என்ன பண்ணினேன்னா, என்ற துடுப்பை ரெண்டு கையாலயும் புடிச்சு, தலைக்கு மேல, நல்லாத் தெரியற மாதிரி தூக்கிக் காட்டினேன். அந்தத் துடுப்பு சாஞ்சுது. அதைத் தூக்கறப்ப எனக்கு எத்தனை பெருமையா இருந்துச்சுன்னு சொன்னா நீங்க காறித் துப்புவீங்க.

வேகமாத்தான் போனேன். இன்னும் பத்து மார் தூரம் இருக்கறப்பத் தெரிஞ்சுது. பரிசல் கவுந்து கெடக்குது, ராக்கியப்பன் கழுத்து வரைக்கும் தண்ணியில, சோத்தாங்கை மணிக்கட்டுல நைலான் வலை சுத்தி அவனைக் கீழ இழுக்குது, நொட்டாங்கையால ஆகாயத்தாமரை வேரை ஒரு பிடி பிடிச்சுக்கிட்டு இருக்கறான், துடுப்பை எலை மேல படுக்க வெச்சிருக்கறான். என்னையப் பாத்தான். சிரிச்சான்னு சொல்ல மாட்டேன், ஆனா மூஞ்சி எளகுச்சு. எனக்கு அந்த எளகின மூஞ்சியக் கண்டதும் கெணத்து அடிமண்ணு ஞாபகம் வந்துருச்சு, காவக்காரர் சொன்னது ஞாபகம் வந்துருச்சு, இவன் தொத்துவான், கவுந்துரும், நான் போயிருவேன்னு பட்டுருச்சு. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேனுங்க. நெஞ்சை அழுத்தற அளவுக்கு இறுக்கிக் கட்டியிருந்தேன். வலது பக்கம் துடுப்பை ஆழக் குத்தி ஒரே சுத்துல திரும்பி, வந்ததைவிட வேகமாக் கரைக்கு வந்துட்டேன்.

கரைக்கு வந்தாச்சும் சொல்லியிருக்கலாம். படித்துறையில ஏழெட்டுப் பொம்பளைங்க துணி தொவைச்சுட்டு இருந்தாங்க, கரை மேல ரெண்டு பேரு ஆடு மேய்ச்சுட்டு இருந்தாங்க. ‘அங்க ஒருத்தன் தவிக்கறான்’னு ஒரு வார்த்தை. சொன்னா, நீ ஏன் போகலீன்னு கேப்பாங்களே. அந்த ஒரு கேள்விக்குப் பயந்துக்கிட்டு, கயாக்கை இழுத்து இதே வேலமரத்துல கட்டிட்டு, அந்தப் பொம்பளைங்களத் தாண்டி, “என்னுங்க, சீக்கிரம் வந்துட்டீங்க”ன்னு ஒருத்தி கேட்டதுக்குக் கூட “சோலி இருக்குது”ன்னு பதில் சொல்லிட்டு, கடையத் தொறந்து காயில் சுத்தற மெசினைப் போட்டுட்டு உக்காந்துக்கிட்டேன். ஒண்ணரை மணி நேரம் கழிச்சுச் சங்கத் தலைவர் பெரியதம்பியோட பரிசல் தற்செயலா அந்தப் பக்கம் போயி, ராக்கியப்பனை அறுத்தெடுத்துக் கொண்டாந்தாங்கன்னு சத்தம் கேட்டுது. உசுரு இருக்குதுன்னாங்க. நான் மெசினை நிறுத்தவே இல்ல.

மறுநா வெடிஞ்சு பாத்தா, கோடு.

ஊரே கரையில நின்னுச்சு, ஆனா ரொம்ப நேரம் நிக்கல, அதான் நம்ம ஊரு. எட்டு மணிக்கு ஸ்கூல் வேன் வந்துருச்சு, ஒம்பது மணிக்கு மில் சங்கு ஊதிருச்சு, அவங்கவங்க சோலியப் பாக்கப் போயிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சுப் பொதுப்பணித்துறையில இருந்து ஒருத்தர் வந்து, டேப் புடிச்சு நீளம் எடுத்து, ‘தண்ணீரில் கோடு ஒன்று உள்ளது, மதகுக்குப் பாதிப்பில்லை’ன்னு எழுதிட்டு ஒரு எளநி குடிச்சுட்டுப் போனார். நடைப்பயிற்சிக் கழகத்துக்காரங்க ‘கோட்டின் மேல் குப்பை போடாதீர்’னு போர்டு நட்டாங்க. பரிசல்காரங்க கோட்டைத் தாண்டறப்ப மரியாதைக்குத் துடுப்பை ஒரு நொடி நிறுத்தித் தாண்டினாங்க. கல்யாண போட்டோக்காரர் ஜோடிகளைக் கூட்டியாந்து கோடு பின்னால தெரியற மாதிரி நிக்க வெச்சார், கொழந்தை இல்லாதவங்க மஞ்சக் கயிறு கொண்டாந்து கரை மரத்துல கட்டினாங்க, தட்டாம்பூச்சி வரிசையா அது மேல உக்காந்துச்சு. இது ஏன் விழுந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல, எதுக்கு ஆகும்னுதான் கேட்டாங்க.

ஆரு போட்டதுன்னு மட்டும் மூணாம் நாளே கண்டுபுடிச்சுட்டாங்க. அர்த்தநாரி ஓட்டினான், அவன் தடம் மூடிக்கிச்சு. அவனை என்ற மஞ்ச கயாக்குல ஏத்தி உட்டுப் பாத்தாங்க, மூடிக்கிச்சு. என்னைய அவன்ற நீலத்துல ஏத்தி உட்டாங்க, நான் போன எடமெல்லாம் கோடு நின்னுச்சு. படகுல ஒண்ணும் இல்ல, ஆளுகிட்டத்தான் இருக்குதுன்னு முடிவாயிருச்சு. “சென்னியப்பன் கை ராசி”ன்னாங்க. அர்த்தநாரிக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு, “அன்னிக்கு நானும் வந்திருந்தா எனக்கும் விழுந்திருக்கும் மாப்ளே”ன்னான். நீ வந்திருந்தா கோடே விழுந்திருக்காதுடான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு.

அதே வாரத்துல சங்கக் கூட்டம். ரெண்டு பேரு இல்லாம வலைக்குப் போகக் கூடாதுங்கறது சங்கத்து ரூல்ஸு, ஜோடிக்காரனுக்குக் காச்சல்னு ராக்கியப்பன் தனியாப் போயிருந்தான், அது ஒரு தப்பு. ஆகாயத்தாமரைக்குள்ள ஒரு காலி பாட்டல் கெடைச்சுது, எந்தக் காலத்துப் பாட்டலோ, குடிச்சுட்டுத்தான் கவுந்தான்னு ஒரு பேச்சு. பெரியதம்பி நல்ல மனுசன், அவரே நேராக் கேட்டார்: “கரையில அத்தனை பொம்பளைங்க இருந்தாங்க. நெதானத்துல இருக்கறவன் ஒரு கொரல் குடுத்திருக்க மாட்டானா? ஒண்ணரை மணி நேரம் ஏன்டா நீ வாயத் தொறக்கல?” ராக்கியப்பன் கட்டுப் போட்ட கையவே பாத்துக்கிட்டு இருந்தான். “நான் குடிக்கலீங்க”ன்னு மட்டும் சொன்னான். அவன் ஏன் வாயத் தொறக்கலீன்னு அந்த எடத்துல ரெண்டே பேருக்குத்தான் தெரியும், ஒருத்தன் சொல்லல, இன்னொருத்தன் கதவோரமா நின்னுக்கிட்டு ராசிக்காரன்னு பேரு வாங்கிட்டு இருந்தான். அடுத்த தை வரைக்கும் அவன்ற வலை முறையப் புடுங்கிட்டாங்க. நரம்பு வெட்டுப்பட்டு ரெண்டு வெரலு மடங்காமப் போச்சு. அந்தக் கையோட மார்க்கெட்டுல மத்தவங்க புடிச்ச மீனை அறுத்துச் செதில் சீவிக் குடுக்கற வேலைக்குப் போயிட்டான். கருணாம்பிகை அங்கதான் மீன் வாங்குவா. “பாவம், கத்தியப் புடிக்கவே முடியல அவனால”ன்னு சொல்லிக்கிட்டே கொழம்பை ஊத்துவா. நான் தின்பேன். 

அந்தக் கொக்கியக் கண்ணு காண முடியலீங்க எனக்கு. அதை மறைக்கோணும்னு தெனமும் எறங்கி, அது மேலயும் பக்கத்துலயும் குறுக்கும் நெடுக்குமா ஓட்டினேன். எல்லாக் கோடும் நின்னுச்சு, ஒண்ணும் ஒண்ணை மறைக்கல, கொக்கி இன்னும் பளிச்சுனு ஆயிருச்சு. கருணாம்பிகை ஒரு நாள் கரையில நின்னு பாத்துட்டுக் கேட்டா, “மாமா, மொத நா அந்த முக்குல எதுக்குத் திரும்புனீங்க?” ஆகாயத்தாமரை மறிச்சுதுன்னேன். அவ என்ற மூஞ்சியவே பாத்தா. “அங்க வழி இருக்குதே”ன்னா. 

ஆடிப் பதினெட்டுக்கு மகளிர் குழுக்காரங்க ஒரு யோசனை கொண்டாந்தாங்க. குளத்து மேல சென்னியப்பண்ணனை வெச்சு ஒரு கோலம் போட்டா என்ன? கட்டம் போட்ட தாள்ல மயில் வரைஞ்சு எடுத்துட்டு வந்துட்டாங்க. ஏற்கெனவே இருக்கற கிறுக்கலெல்லாம் தோகை, கரையில இருந்து போற நேர்கோடு முதுகு, அந்தக் கொக்கி இருக்குதே, அதான் கழுத்து. “கழுத்து மாத்திரம் சாமியே போட்டு வெச்சாப்பல இருக்குதுங்கண்ணா, அதுல இருந்து பத்து மார் முன்னால போயி ஒரு சுழி சுழிச்சுட்டு வந்தாத் தலை ஆயிரும்”ன்னாங்க. எந்தப் பத்து மாருன்னு பாருங்க. மாட்டேன்னு சொல்லக் காரணம் ஒண்ணும் தோணல. பஸ் ஸ்டாண்டுல பிளெக்ஸ் வெச்சாங்க, அதுல என்ற போட்டோ, லைஃப் ஜாக்கெட்டோட.

நோம்பி அன்னிக்குக் கரையெல்லாம் சனம். பொம்பளைங்க மொளப்பாரித் தட்டோட படித்துறையில நின்னாங்க, மேளம் அடிச்சாங்க, எனக்கு மாலை போட்டாங்க. கடைசிப் படியில, மத்தவங்களுக்குக் கொஞ்சம் தள்ளி, ராக்கியப்பன் குத்தவெச்சு உக்காந்திருந்தான். நான் எறங்கினேன். தோகைக்கு மிச்சம் இருந்த வளைவெல்லாம் போட்டேன், கரையில கை தட்டினாங்க. அப்பறம் கழுத்துக்கு வந்தேன். கொக்கியோட முனையில கயாக்கை நிறுத்தி, மூச்சை இழுத்துக்கிட்டு, அன்னிக்குப் போகாத அந்தப் பத்து மாரை ஓட்டினேன். ஆகாயத்தாமரை ஓரம் வரைக்கும் போனேன். அவன் புடிச்சுட்டு இருந்த வேரு கைக்கு எட்டற தூரத்துல இருந்துச்சு. திரும்பிப் பாத்தா, தண்ணி மூடிக்கிச்சு. கோடு இல்ல. மறுபடி போனேன், மறுபடியும் மூடிக்கிச்சு. நாலு தடவை, அஞ்சு தடவை. மத்த எல்லாப் பக்கமும் நான் தொட்டாப் போதும்னு நிக்கற தண்ணி, அந்தப் பத்து மாருல மட்டும் நான் போனதா ஒத்துக்கவே இல்ல. மேளம் நின்னுபோச்சு. தலை இல்லாத மயிலுக்குப் பக்கத்துல நான் மாலையோட உக்காந்திருந்தேன்.

கரைக்கு வந்தப்ப ஆரும் கோவிக்கல, அதான் கொடுமை. குழுத் தலைவியம்மா கூட, “போச்சாது உடுங்கண்ணா, கழுத்தோட நிப்பாட்டிக்கலாம்”னாங்க. பெரியதம்பி மட்டும் கண்ணைச் சுருக்கி அந்த முக்கையே பாத்துட்டு இருந்தார். “அது ராக்கியப்பன் கெடந்த எடமில்லீங்களா”ன்னார், ஆருகிட்டயும் இல்லாமப் பொதுவா. கருணாம்பிகை என்னையப் பாத்தா. எனக்கு மாலை கழுத்தை அறுத்துச்சு, கழட்டிட்டேன். சொல்லிப்போடலாம்னு வாயத் தொறந்தேன். தொறந்த வாயில வந்தது இதுதானுங்க: “அன்னிக்கு நான் அங்க போயிருந்தேனுங்க. ஒரு சத்தம் கேட்டுச்சு. ராக்கியப்பன் கூப்புட்டிருக்கறான் போல. எனக்கு அது ஏதோ பறவைன்னு பட்டுச்சு, திரும்பி வந்துட்டேன். அவன் குடிச்சிருக்க மாட்டானுங்க, கூப்புட்டிருக்கறான், என்ற காதுதான் மோசம்.”

பாத்தீங்களா, எப்படிக் கட்டினேன்னு. காயில் கட்டற கை.

ஊரு அப்படியே உருகிப்போச்சு. பெரிய மனசுன்னாங்க, ஆரு இப்படி ஒத்துக்குவாங்கன்னாங்க. பெரியதம்பி அங்கயே, அந்தப் படித்துறையிலயே, “கொரல் குடுத்திருக்கறான், அப்ப நெதானத்துலதான் இருந்திருக்கறான், நாளையில இருந்து அவன் முறை அவனுக்கு”ன்னுட்டார். கழட்டின மாலைய எடுத்து மறுபடி எனக்கே போட்டாங்க. நான் கடைசிப் படியப் பாத்தேன், ராக்கியப்பன் எந்திரிச்சுப் போயிட்டு இருந்தான். அன்னிக்கு ஊட்டுல சாப்பாட்டுக்கு உக்காந்தப்பக் கருணாம்பிகை எலையப் போட்டுட்டு மெதுவாச் சொன்னா: “உங்களுக்கு நீச்சல் தெரியாதுன்னு கல்யாணமான மூணாம் மாசமே எனக்குத் தெரியும் மாமா. அதைச் சொல்லியிருந்தாக்கூடப் போதுமே.”

மூணு நாள் கழிச்சு ராக்கியப்பன் கடைக்கு வந்தான். ரிப்பேருக்கு ஒண்ணும் கொண்டாரல, சும்மா வந்தான். ஸ்டூலைப் போட்டேன், உக்காரல. முறை கெடைச்சுதான்னு கேட்டேன், கெடைச்சுதுங்கண்ணான்னான். மெசினைப் போடலாமான்னு கை போச்சு, போடல.

“நான் சத்தம் போடலீங்களே அண்ணா”ன்னான்.

நான் ஸ்டூலை மறுபடி ஓரமா நகத்தி வெச்சேன்.

“ஒரு சத்தமும் போடலீங்க. துடுப்புத்தானே தூக்குனேன். நீங்களும் தூக்குனீங்க, பாத்தேன். அது எனக்குத்தானுங்களா? இல்ல, கையி வலிச்சுச் சும்மா தூக்குனீங்களா, கொக்கு ஏதாச்சும் தொரத்துனீங்களா? அது தெரியலீங்க எனக்கு. சங்கத்துல கேட்டப்பவும் அதனாலதான் சொல்லல. சும்மாத் தூக்குன மனுசன் மேல பழி போட்டுரக் கூடாதுல்ல.”

ஒண்ணரை மாசமா அவன் எனக்காக வெச்சிருந்த சாக்கு அது. சும்மாத் தூக்கினேன்னு ஒரு வார்த்தை சொன்னா, அவனே எடுத்துக் குடுத்ததை வாங்கிக்கிட்டா முடிஞ்சு போயிருக்கும், அவனும் நம்பியிருப்பான், நம்பத் தயாரா வந்து நின்னான். வெக்கமா இருந்துச்சுங்க, என்ற வாழ்நாள்ல அப்படி ஒரு வெக்கத்துல நான் நின்னதில்ல, மாலையோட நின்னப்பக்கூட.

“உனக்குத்தான் ராக்கியப்பா”ன்னேன். “உன்னையப் பாத்தேன். மூஞ்சியும் பாத்தேன். பயந்துட்டுத் திரும்பிட்டேன்.”

அவன் மடங்காத வெரலு ரெண்டையும் இன்னொரு கையில வெச்சுத் தேச்சுக்கிட்டான். “நீங்க கரைக்குப் போயி ஆளைக் கூட்டியாறீங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்”ன்னான். “அதான் அந்தப் பொம்பளைங்களைக் கூப்புடல. துணி அடிக்கற சத்தம் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு.” அப்பறம் செருப்பை மாட்டிக்கிட்டு, படியில நின்னு ஒண்ணு கேட்டான். கேட்டான்னுதான் சொல்லோணும், மெரட்டல. “ஊர்ல எல்லாரும் நான் கத்தினேன்னு பேசறாங்க. தண்ணியில இருக்கறவன் பதில் துடுப்பு வந்த பொறவு கத்தினான்னா அது எனக்குக் கேவலமுங்க. ஆராச்சும் கேட்டா அப்படிச் சொல்லாதீங்க.”

அன்னிக்கே சங்கத்துக்குப் போயிச் சொன்னேன். பிளெக்ஸ் மறுநாளே எறங்கிருச்சு. மாலை போட்டவங்க இப்ப என்னையக் கண்டாக் குளத்தைப் பாத்துக்கறாங்க, பேசறதெல்லாம் பேசறாங்க, மோட்டாரும் கொண்டாந்து குடுக்கறாங்க, ஆனாப் பரிசல்காரங்க அந்தக் கோட்டுக்கு இப்பத் துடுப்பை நிறுத்தறதில்ல, அது மேலயே ஓட்டிட்டுப் போறாங்க. போகட்டும். அர்த்தநாரி நீலத்துல தனியாப் போறான், நான் கரையில உக்காந்து பாக்கறேன், அவன் தடம் அழகா மூடிக்குது.

இதைப் பாக்க இதுவரைக்கும் ஏழு பேரு வந்தாங்க, நீங்க எட்டாவது. ஏழு பேரும் தட்டிப் பாத்தாங்க, ஒட்டைத் தடவிப் பாத்தாங்க, ஏன் விக்கறீங்கன்னு கேட்டாங்க, கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. நீங்களும் போறதுன்னாப் போங்க, தப்பா நெனைக்க மாட்டேன். வேணும்னா எடுத்துக்கோங்க, உங்க ஊர்க் குளத்துல உங்க தடம் மூடிக்கும், படகு மேல ஒரு கொறையும் இல்ல. ஆனா ஊருக்குள்ள டீ குடிக்க நிப்பீங்க, அங்க எவனாச்சும் பழைய பேச்சையே பேசுவான், அன்னிக்கு ராக்கியப்பன் கத்தினான், சென்னியப்பனுக்குக் காது கேக்கலீன்னு. அப்படிச் சொன்னா நீங்க கேட்டதைச் சொல்லிப்போடுங்க. அவன் கத்தலீங்க. துடுப்புத்தான் தூக்கினான். நானும் தூக்கினேன்.